நான் உரைநடையாக்கிய ஒப்பாரி

லண்டனில் புது மன்னர் பட்டத்துக்கு வந்த வருஷம், பாளையங்கோட்டையில் பெண்களுக்கான மிஷன் பயிற்சிப் பள்ளி ஒன்றில் நான் தமிழ் உபாத்தியாயினியாக இருந்தேன். வயது இருபத்தாறு. கல்யாணம் ஆகவில்லை, இனி ஆகாது என்று உறவினர் முடிவு கட்டியிருந்தார்கள். எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. என் கர்வமெல்லாம் அணியிலக்கணத்தில் இருந்தது. உவமை, உருவகம், உயர்வு நவிற்சி, தற்குறிப்பேற்றம் என்று எந்தப் பாட்டைக் கொடுத்தாலும், அணி எங்கே ஒளிந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிடுவேன். மீசை நரைத்த பண்டிதர்களிடமே வாக்குவாதம் செய்து ஜெயித்திருக்கிறேன். தலைக்கனம் பிடித்தவள் என்று முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள்.

எங்கள் பள்ளியில் செய்யுளை உரைநடையாக்குதல் என்று ஒரு பயிற்சி உண்டு. பாட்டைப் பதம் பிரித்து, வரிசை மாற்றி, அலங்காரங்களைக் கழித்து, மிஞ்சுகிற கருத்தைச் சுருக்கமாக எழுத வேண்டும். இதற்கு நானே ஒரு சூத்திரம் வகுத்து வைத்திருந்தேன். நடக்க முடியாதது அணி, அதை அடி. நடக்கக்கூடியது பொருள், அதை வை. நிலா வெட்கப்பட்டு மேகத்துக்குள் போனது என்று வந்தால் சிவப்பு மையால் ஒரு கோடு. அவள் நல்ல அழகி என்று வந்தால் அது நிற்கும். மாணவிகளுக்கு இந்தச் சூத்திரம் மிகவும் பிடித்துப்போனது. பரீட்சையில் என் வகுப்புப் பிள்ளைகள்தான் முதலில் எழுதி முடித்து எழுந்து வருவார்கள்.

அந்த ஆனி மாதம் ஆழ்வார்திருநகரி உற்சவம் முடிந்த கையோடு, ஆற்றங்கரை ஊர்களில் வாந்திபேதி பரவியது. ஊருக்கு நாலு பேர், ஐந்து பேர் என்று போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் பள்ளியில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லி உத்தரவு போட்டிருந்தார்கள். அப்படி ஒரு நாள் மத்தியானம், போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர் எங்கள் பள்ளித் தலைவியான துரைசானி அம்மாளைப் பார்க்க வந்தார். சற்று நேரத்தில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

விஷயம் இதுதான். தச்சநல்லூருக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் வண்டிக்காரர் ஒருவர் இறந்துபோனார். உற்சவத்துக்குச் சவாரி போய்த் திரும்பியவர். வந்தன்று வீட்டில் பால் குடித்தார். மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் வாந்தி எடுத்துச் செத்தார். நோய்க்காலம் ஆகையால் உடனே எரித்துவிட்டார்கள். பிறகு போலீஸ் கச்சேரிக்கு ஒரு மொட்டைக் கடுதாசி வந்தது. பெண்டாட்டிதான் விஷம் வைத்தாள், மாமியார்க்காரியே ஊர் கேட்க அப்படிச் சொல்லி அழுதாள் என்று அதில் எழுதியிருந்தது. உடல் சாம்பலாகிவிட்டது. மிச்சம் இருந்தது அந்தத் தாய் அழுத சொற்கள் மட்டும்தான்.

"எங்க ஆளுவ போய்க் கேட்டா, பொம்பளைய வாயே தொறக்க மாட்டேங்குதாளுவ," என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க பொம்பளை, தமிழும் படிச்சவுக. அந்த அம்மா என்ன சொல்லி அழுதாளோ அதக் கேட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாப் போதும்."

என் தமிழ் கச்சேரி வரைக்கும் போகிறது என்ற பெருமையில் நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. மறுநாளே மாட்டு வண்டி பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நான் அதுவரை ஒரு ஒப்பாரி வீட்டில் உட்கார்ந்ததே இல்லை. என் தகப்பனார் உபதேசியார். எங்கள் சபையில் ஒப்பாரி வைப்பது அஞ்ஞானிகள் வழக்கம் என்று விலக்கப்பட்டது. எங்கள் வீட்டுச் சாவுகளில் கீர்த்தனை பாடுவோம், வேதம் வாசிப்போம், சத்தம் வராமல் கைக்குட்டையில் அழுவோம். தெருவில் எங்கேயாவது ஒப்பாரிச் சத்தம் கேட்டால் அம்மா என் காதைப் பொத்தி இழுத்துக்கொண்டு போவாள்.

அந்தத் தாய்க்கு ஐம்பது வயது இருக்கும். தொழுவத்துப் பக்கம் கன்றுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தாள். மருமகள் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். பதினெட்டு வயதுகூட இருக்காது. எனக்குக் குடிக்க மோர் கொண்டுவந்து வைத்தாள். காய்ச்சாத தண்ணீர் விட்ட மோர் என்று நான் அதைத் தொடவில்லை. அவள் அதைக் கவனித்தாள்; நான் அவளைச் சந்தேகப்படுகிறேன் என்றே நினைத்திருப்பாள்.

மகன் செத்த அன்று என்ன சொல்லி அழுதாய் என்று தாயிடம் கேட்டேன்.

"சும்மா சொல்ல வராது தாயி," என்றாள். "அழுதாத்தான் வரும்."

"அப்படியானால் அழுதே சொல்லுங்கள்," என்றேன். இன்றைக்கு அதை எழுதும்போது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்து எட்டு நாள் ஆன ஒருத்தியிடம், காகிதத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, அழு என்று சொன்னேன்.

அவள் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டாள்.

*பாலுன்னு கொண்டாந்தா என் ராசாவே*
*பாசாணம் கலந்து தந்தா*
*பாயின்னு விரிச்சுப் போட்டா என் ராசாவே*
*பாம்பை அதில் படுக்கவிட்டா*
*ஆத்துல தண்ணி மொண்டா என் ராசாவே*
*அதுவும் தீயாக் கொதிச்சதய்யா*
*பெத்தவ நான் குழி வெட்டி என் ராசாவே*
*பிள்ளையத் தள்ளினேனே*

இப்படி இன்னும் முப்பது வரிகளுக்கு மேல். மருமகள் நிலைப்படியில் உட்கார்ந்து, தானும் விம்மி விம்மி அழுதாள். குற்ற உணர்ச்சி என்று நான் என் மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் என் மேசையில் உட்கார்ந்து, வகுப்பில் செய்கிற வேலையையே செய்தேன். பாயில் பாம்பு படுத்தது நடக்காத காரியம், கோடு. ஆற்றுத் தண்ணீர் தீயாகக் கொதித்தது உயர்வு நவிற்சி, கோடு. பெற்றவளே குழி வெட்டித் தள்ளினாள் என்பது துயர மிகுதியால் வந்த கூற்று, கோடு. என் ராசாவே என்பதெல்லாம் அசை நிரப்ப வந்தவை. நாற்பது வரியில் நடக்கக்கூடியதாக ஒரே ஒரு விஷயம்தான் மிஞ்சியது. அதை அழகான கையெழுத்தில் எழுதினேன்: "என் மகனுக்கு அவன் மனைவி பாலில் பாஷாணம் கலந்து கொடுத்தாள்." அடியில், தாய் சொன்னபடி எழுதப்பட்டது என்று என் கையொப்பம். இவள் விஷம் வைத்ததை நீ பார்த்தாயா என்று அந்தத் தாயிடம் சாதாரணமாக ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. பாட்டுக்குக் கருத்து எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்பதே என் பழக்கம்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பால் கொடுத்தாயா என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கு, கொடுத்தேன் என்று ஒப்புக்கொண்டாளாம். புருஷனுக்குப் பால் கொடுக்காத பெண் எந்த ஊரில் இருக்கிறாள்! ஆனால் என் காகிதத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது பாதிக் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. கைப்பிள்ளையோடு அவளைப் பாளையங்கோட்டை ஜெயிலில் வைத்தார்கள். குற்றம் உறுதியானால் தூக்கு, இரக்கப்பட்டால் அந்தமானுக்குத் தீவாந்தரம் என்று பேசிக்கொண்டார்கள். இன்ஸ்பெக்டர் துரைசானி அம்மாளுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். அதை ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு அடக்கமாக நின்றேன். உள்ளுக்குள் எவ்வளவு குளிர்ந்தது என்பதை மறைப்பதில் இப்போது என்ன லாபம்?

ஒரு மாதம் கழித்து, எங்கள் விடுதிக்குத் தண்ணீர் எடுக்கிற அம்மாளின் தகப்பனார் இறந்துபோனார். எண்பது வயதுக்கு மேல். கண் தெரியாது, காது கேட்காது, பல மாதமாகப் படுக்கை. பத்து வருஷமாக எங்களுக்குத் தண்ணீர் சுமக்கிறவள் வீட்டுத் துக்கத்துக்குப் போகாமல் இருக்க முடியாது என்று, சபையார் முகம் சுளித்தாலும் நான் போனேன். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, ஆடி ஆடி அழுதுகொண்டிருந்தார்கள். தண்ணீர்க்கார அம்மாள் ஒப்பாரி எடுத்தாள்.

பாலென்று கொண்டுவந்தாள், அதில் பாஷாணம் கலந்து தந்தாள். அதே சொற்கள், அதே இழுப்பு.

இது அந்த வீட்டு மருமகளைக் குறித்துத்தான் என்று புரிந்து, யார் அவள் என்று தேடினேன். தேட வேண்டியிருக்கவில்லை. பாடுகிறவளின் தோளைக் கட்டிக்கொண்டு, அவளோடு கன்னத்துக்குக் கன்னம் சேர்த்து, அந்த வரியைத் தானும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தவளே அந்த மருமகள், தண்ணீர்க்கார அம்மாளின் அண்ணன் பெண்டாட்டி. இத்தனை மாதமாகக் கிழவருக்கு மலஜலம் எடுத்தவள்.

காரியங்கள் முடிந்து தண்ணீர்க்கார அம்மாள் வேலைக்குத் திரும்பிய அன்று, கிணற்றடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உங்க மைனியா உங்க ஐயாவுக்கு விஷம் வச்சாங்க?"

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பைத்தியமா என்று கேட்கவில்லை, அவ்வளவுதான். "அப்படித்தாம்மா அழணும். எங்கய்யா கெடந்து பொசுக்குன்னு செத்தாகன்னு சொன்னா அவுகளுக்கு என்ன மருவாதி? ஒரு மனுசனக் கொண்டுபோவணும்னா யாராச்சும் சதி பண்ணித்தான கொண்டுபோவ முடியும்?"

"மைனிக்குக் கோபம் வராதா?"

"அவளச் சொல்லாம விட்டாத்தான் வரும். நான் இந்த வீட்டு மனுசி இல்லியான்னு சண்டைக்கு வருவா." சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குத் தண்ணீர் இறைக்க ஆரம்பித்தாள்.

நான் அங்கேயே கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏட்டில் இருந்தால் எந்த அணியையும் கண்டுபிடிப்பேன் என்று மார்தட்டிய எனக்கு, ஒரு வண்டிக்காரரின் தாய் வாயில் அது வந்தபோது தெரியவில்லை. அவள் படிக்காதவள், ஆகவே உள்ளதை உள்ளபடிதான் சொல்லுவாள் என்று நினைத்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அன்றைக்கே இன்ஸ்பெக்டரைப் போய்ப் பார்த்தேன்.

"கையெழுத்துப் போட்டாச்சு, காயிதம் மேல போயாச்சு," என்றார் அவர். "சொல்ல வேண்டியத மாஜிஸ்திரேட் முன்னால சொல்லுங்க."

விசாரணைக்கு மேலும் ஐந்து வாரம் ஆனது. தேவாலயத்துக்குப் போகிற வழியில் ஜெயில் சுவர். அந்த ஐந்து வாரமும் நான் சுற்றுப்பாதையில் போனேன். வகுப்பில் எரிந்து விழுந்தேன். உரைநடையாக்கும் பயிற்சியை நிறுத்திவிட்டேன். காரணம் கேட்ட ஒரு மாணவி, "அப்போ அணி எல்லாம் பொய்யாம்மா?" என்றாள். பதில் தெரியாத கோபத்தில், உட்கார் என்று அதட்டினேன். அந்தப் பிள்ளை முகம் சிவந்து உட்கார்ந்தது.

மாஜிஸ்திரேட் கச்சேரியில் முதலில் தாயைக் கூப்பிட்டார்கள். என் காகிதத்தை வாசித்துக் காட்டி, இப்படிச் சொன்னாயா என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"அழுதேன் சாமி."

"விஷம் கலந்ததைப் பார்த்தாயா?"

"நான் எங்கன பாத்தேன்? வயக்காட்டுல கெடந்தேன்."

"அப்படியானால் நீ சொன்னது பொய்தானே?"

பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே மருமகள் வீட்டுக்குப் போயிருப்பாள். அந்தத் தாய் கூண்டின் மரத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். "எம் மவனுக்கு நான் அழுததப் பொய்யின்னு எந்த வாயால சொல்லுவேன் சாமி? அவன் செத்தது நெசந்தான?" எத்தனை விதமாகக் கேட்டாலும் அதையே சொன்னாள். மருமகள் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு மாமியாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என் மருமகள் விஷம் வைக்கவில்லை என்று அவளாக வாய் திறந்து சொல்லக்கூடாதா என்று எனக்குத்தான் கோபம் வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். யாரும் அப்படிக் கேட்கவில்லை.

அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். நாற்பது வரிகளையும் நான் கையோடு கொண்டுபோயிருந்தேன். அதில் முப்பத்தெட்டை நான் கழித்துவிட்டேன் என்று சொன்னேன். இது ஒப்பாரி வழக்கு, எல்லா வீட்டிலும் இந்த வரி உண்டு, பாம்பும் தீயும் எப்படியோ பாஷாணமும் அப்படியே என்றேன். இறப்பின் பாரத்தைச் சொல்ல வந்த சொற்களை நான் நடந்த காரியமாக எழுதிவிட்டேன் என்றேன். வகுப்பில் பேசுகிற மாதிரி நீட்டிக்கொண்டே போனேன். மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"பண்டிதம் போதும் அம்மா. நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்கியம் மெய்யா, பொய்யா? ஒன்றைச் சொல்லுங்கள்."

மெய்யும் இல்லை, பொய்யும் இல்லை என்பதுதான் சரியான விடை. நான் வாழ்நாளெல்லாம் படித்த படிப்புக்கு அதுதான் அர்த்தம். ஆனால் அதைச் சொன்னால் அவர் ஜில்லாக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். அந்தப் பெண்ணின் பிள்ளை சிணுங்கிக்கொண்டிருந்தது.

"பொய்," என்றேன். "அந்த அம்மாள் அழுததில் உள்ளது எல்லாமே வெறும் வழக்கச் சொற்கள். பொருள் கிடையாது."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். அப்போதுதான் பின்னாலிருந்து அந்தத் தாயின் குரல் கேட்டது. "என்ன சொல்லுதாவ? நான் எம் பிள்ளைக்குப் பொய்யா அழுதேங்காவளா?" பக்கத்தில் இருந்த சேவகர் அவளைச் சும்மா இருக்கச் சொன்னார். அவள் சும்மா இருக்கவில்லை, "ஏட்டி, பொய்யா அழுதேங்கா!" என்று மருமகளைப் பார்த்துச் சொன்னாள். என்னைப் பற்றி, அவள் குற்றவாளிக் கூண்டில் நின்றவளிடம் முறையிட்டாள். அவளை வெளியே கொண்டுபோனார்கள்.

மருமகளை அன்றே விட்டுவிட்டார்கள். கச்சேரி வாசலில் மாமியார் பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறினார்கள். நான் கிட்டே போய் நின்றேன். மருமகள் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டாள். தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செய்ததைச் சரி செய்துவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பள்ளிக்கு நடந்தேன். சமாதானம் ஆகவில்லை. முதல் தடவை அவள் சொல்லாததைச் சொன்னதாக எழுதினேன்; இரண்டாம் தடவை அவள் சொன்னதை ஒன்றுமில்லை என்று ஆக்கினேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

மூன்று வருஷம் கழித்து அந்தத் தாய் இறந்த செய்தியைத் தண்ணீர்க்கார அம்மாள்தான் சொன்னாள். உயிரோடு இருக்கும்போது மன்னிப்புக் கேட்கப் போகாதவள், செத்த பிறகாவது போக வேண்டும் என்று புறப்பட்டேன். தெருமுனையில் வண்டியை நிறுத்தி இறங்கியபோது ஒப்பாரி கேட்டது. எல்லாக் குரலுக்கும் மேலே மருமகளின் குரல். சொற்கள் தெளிவாகக் காதில் விழவில்லை. ஆனால் என் வாழ்நாளில் அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. அடி எடுத்து வைக்க முடியாமல் நின்று கேட்டேன். கண்ணில் நீர் வந்தது. பிறகு பைய நடந்து வாசலுக்குப் போனேன்.

வட்டத்தில் இருந்த ஒருத்தி என்னைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவளை இடித்தாள். ஒவ்வொரு வாயாக மூடியது. கடைசியில் மருமகளும் நிமிர்ந்து பார்த்தாள். பாடிக்கொண்டிருந்த வரியைப் பாதியில் விட்டு, முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. இருபது முப்பது பெண்கள் இருந்த அந்த வீட்டில் ஒரு சத்தம் இல்லை.

நான் வெறுங்கையோடுதான் வந்திருக்கிறேன் என்று காட்டுவதுபோல் இரண்டு கைகளையும் விரித்தேன். அதைவிட அசட்டுத்தனமான காரியம் வேறு இல்லை.

மருமகள் எழுந்து வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மரியாதை குறையாமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நீங்க போங்க வாத்தியாரம்மா. எங்க அத்தைக்கு நாங்க இன்னும் அழுது முடிக்கல. நீங்க போன பொறவுதான் அழ முடியும்."